நைட் கார்டுக்கு அளவெடுக்கும் முன் குறட்டையைப் பற்றிக் கேளுங்கள்

எங்கள் கிளினிக்கில் வந்து சேரும் இளம் பல் மருத்துவர்களுக்கு ஸ்லீப் அப்னியா பற்றித் தெரியாமல் இல்லை. தூக்கத்தில் மூச்சு குறைந்தது 10 விநாடி நிற்பது அல்லது நன்றாகக் குறைவது, பெரியவர்களுக்கு அது மணிக்கு 5 முறை என்றால் லேசான நிலை, 15 என்றால் நடுத்தரம், 30 என்றால் தீவிரம். மனப்பாடமாகச் சொல்வார்கள். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்து படுத்திருக்கும்போதுதான் அது நினைவுக்கு வருவதில்லை. பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற மெல்லிய விரிப்பை மாட்டி, டிரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் குறட்டை விட்டுத் தூங்கினால், 'பயமே இல்லாத பேஷண்ட்' என்று சந்தோஷப்படுகிறார்கள்.

பருமனானவரிடம் தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள் என்பது போன்ற பாலபாடங்களை விட்டுவிடுகிறேன். எங்கள் தலைமுறை செய்து, இப்போது இவர்களும் அப்படியே செய்கிற சில தவறுகள் மட்டும்.

குறட்டை விடுபவரிடமே குறட்டையைப் பற்றிக் கேட்பது

"குறட்டை விடுவீங்களா சார்?" என்றால் "அதெல்லாம் இல்ல டாக்டர்" என்றுதான் பதில் வரும். தூங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? வெளியே உட்கார்ந்திருக்கும் மனைவியை உள்ளே கூப்பிடுங்கள். சத்தம் வருகிறதா என்பதோடு நிறுத்தாமல், நடுவில் திடீரென்று நின்று, திணறி, மறுபடி வருகிறதா என்று கேளுங்கள். பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்திருக்கும்போது யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களில் பலர் குறட்டையைச் சொல்லாமல் அசதி, காலைத் தலைவலி, தூக்கம் பிடிக்கவில்லை என்றுதான் சொல்வார்கள். மாதவிடாய் நின்ற பிறகு இந்த ஆபத்து கூடுகிறது.

தேய்ந்த பல்லைப் பார்த்ததும் நைட் கார்டு

எனக்கு இன்னும் எரிச்சலூட்டுவது இதுதான்.

பல் தேய்ந்திருக்கிறது, கன்னத் தசை புடைத்திருக்கிறது, கேப் உடைந்து வந்திருக்கிறது. உடனே 'பிரக்சிசம்', அதாவது பல்லைக் கடிக்கும் பழக்கம் என்று எழுதி, இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டு செய்ய மேல் தாடைக்கு அளவெடுத்து லேபுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரவில் பல்லைக் கடிப்பவர்கள் எல்லோருக்கும் மூச்சடைப்பு இருக்காது. ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது அபூர்வமில்லை. நாக்கின் ஓரத்தில் பல் தடம் பதிந்திருக்கிறதா, கீழ்த்தாடை உள்வாங்கியிருக்கிறதா, காலையில் வாய் காய்ந்து போகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

அப்படிப் பார்க்காமல் கொடுத்தால் என்ன ஆகும்? மேல் தாடையை முழுக்க மூடும் தட்டையான அக்கிரிலிக், நாக்குக்கான இடத்தைக் குறைக்கலாம். கடியை உயர்த்துவதால் கீழ்த்தாடை கீழாகவும் பின்னாகவும் சுழலக்கூடும், நாக்கும் கூடவே தொண்டைப் பக்கம் போகும். 2004இல் மான்ட்ரியால் ஆய்வாளர்கள் ஸ்லீப் அப்னியா உள்ள 10 பேருக்கு இத்தகைய கார்டைப் போட்டுப் பார்த்தார்கள். 4 பேருக்கு நோயின் தரமே மோசமான நிலைக்குத் தாவியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்பதற்கு எனக்கு அது போதும்.

எங்களிடம் ஒரு ஜூனியர் அருமையாக ஒரு கார்டு செய்திருந்தார். கடி ஒவ்வொரு புள்ளியிலும் கச்சிதம். நோயாளி நாற்பதுகளில் இருந்த வங்கி ஊழியர், ஒல்லியும் இல்லை, பருமனும் இல்லை. அடுத்த முறை வந்தபோது, "பல் வலி இல்ல டாக்டர், ஆனா காலைல எந்திரிக்கவே முடியல" என்றார். ஜூனியர் கார்டை இன்னும் கொஞ்சம் தேய்த்துச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டார். கூட வந்திருந்த மனைவிதான் வாசலில் நின்றபடியே, "அதைப் போட்ட நாள்ல இருந்து சத்தம் நின்னு நின்னு வருதுங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றார். தூங்கும்போது மூச்சைப் பதிவு செய்யும் ஸ்லீப் ஸ்டடி செய்தபோது தீவிர நிலை என்று வந்தது. அவருக்குத் தேவைப்பட்டது, முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் இயந்திரம். அதற்குள் கார்டுக்கும், உடைந்த கேப்பை மாற்றவும் கணிசமாகச் செலவழித்திருந்தார்.

சந்தேகம் இருந்தால் ஸ்லீப் ஸ்டடி முதலில், கார்டு அப்புறம். அதுவரை பல் இன்னும் கொஞ்சம் தேய்ந்தால் தேயட்டும்.

'ஆ' சொல்லச் சொல்வது

பாஸ்டனில் மயக்கவியல் மருத்துவராக இருந்த சேஷகிரி மல்லம்பட்டி 1985இல் வெளியிட்ட, வாயைத் திறந்தால் தொண்டை எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் வகைப்பாட்டை நாமும் பயன்படுத்துகிறோம். அதில் சத்தம் எழுப்பக்கூடாது. 'ஆ' என்றால் அண்ணம் மேலே ஏறி, நெருக்கமான தொண்டைகூட விசாலமாகத் தெரியும். நாக்கைக் கட்டையால் அழுத்துவதும் தவறு.

படிவத்தின் எண்ணை அப்படியே நம்புவது

ஸ்லீப் அப்னியா இருக்க வாய்ப்புண்டா என்று கணிக்க ஸ்டாப்-பாங் நல்ல படிவம். 8 கேள்வி, 3 'ஆம்' வந்தால் கவனம், 5 வந்தால் ஆபத்து அதிகம். ஆனால் அதில் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவின் எல்லை 35. 170 செ.மீ. உயரமுள்ளவர் 101 கிலோவைத் தாண்டினால்தான் அந்தக் கேள்விக்கு 'ஆம்'. இந்தியர்களுக்கு 25லேயே உடல்பருமன் என்கின்றன இங்குள்ள வழிகாட்டுதல்கள். அதே உயரத்துக்கு அது 72 கிலோ. எனவே மதிப்பெண் 2 என்று வந்தாலும் கழுத்தையும் தாடையையும் பாருங்கள். கழுத்தை அளக்க டெய்லர் டேப் ஒன்று டிராயரில் கிடக்கட்டும்.

பகல் தூக்கத்தை அளக்கும் எப்வொர்த் படிவத்தில் வண்டியில் பயணியாகப் போகும்போது தூங்கிவிடுவீர்களா என்று ஒரு கேள்வி. நம் ஊர் பஸ்ஸில் யார்தான் தூங்கவில்லை? நாமக்கல் பக்கத்து லாரி ஓட்டுநரோ பிழைப்புக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போடக்கூடும். கூட வந்தவரிடம் கேளுங்கள்.

குழந்தைகளிடம் தூக்கக் கலக்கத்தைத் தேடுவது

ஸ்லீப் அப்னியா உள்ள பல குழந்தைகள் தூங்கி வழிவதில்லை, ஓயாமல் ஆடுகிறார்கள். வாயால் மூச்சு விடுகிறதா, டான்சில் பெரிதா என்று பார்த்து இஎன்டிக்கு அனுப்புங்கள்.

ஸ்லீப் ஸ்டடி இல்லாமல் குறட்டைக் கருவி

குறட்டையைக் குறைக்க வாயில் மாட்டும் கருவியால் சத்தம் அடங்கும். மூச்சு அடைப்பது தொடரலாம்.

"உங்களுக்கு ஸ்லீப் அப்னியா இருக்கு" என்று சொல்வது

அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், ஸ்டடியைப் பார்த்த பிறகு.

வாய்மொழியாக அனுப்பி வைப்பது

"ஒரு நுரையீரல் டாக்டரைப் பாருங்க" என்றால் பெரும்பாலானோர் போவதில்லை. போனாலும் 'பல் டாக்டர் சொன்னார்' என்பதற்கு மேல் சொல்லத் தெரியாது. எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அரைப்பக்கக் கடிதம் கொடுங்கள்: ஸ்டாப்-பாங் மதிப்பெண், கழுத்துச் சுற்றளவு, மல்லம்பட்டி நிலை, அன்றைய ரத்த அழுத்தம், நாக்கில் கண்ட தடம், மனைவி சொன்னது அவர் சொன்ன வார்த்தையிலேயே. பல்லைப் பிடுங்க மயக்கமோ, தூக்க மாத்திரையோ, டிரமடால் வகை வலி மருந்தோ கொடுக்கும் திட்டம் இருந்தால் (இவை மூச்சை இன்னும் மந்தமாக்கலாம்) அதையும் எழுதி, பதில் வரும்வரை நிறுத்தி வையுங்கள்.