கிழக்குக்குத் தொண்டராக வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் சிலர், இலங்கையின் கிழக்கே உள்ள மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் கிராமங்களுக்கு வந்து காலையில் ஆங்கிலம் கற்பிக்கவும் மாலையில் சுகாதாரப் பணியில் உதவவும் விரும்புகிறார்கள். விருப்பம் நல்லது. ஆனால் இங்கே அந்த வேலைகளைச் செய்ய எவரும் இல்லை என்று எண்ணிக்கொண்டு வருவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகள் பலவும் அதிலிருந்தே பிறக்கின்றன.

வாகரையானாலும் வெல்லாவெளியானாலும், ஊரார் மிட்வைஃப் என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருப்பார். எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எந்தப் பிள்ளைக்குத் தடுப்பூசி பிந்திவிட்டது என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். அவரையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையும் கேளாமல் வீடு வீடாகப் போகக் கூடாது. நிறை பார்க்கும் நாளில் அவர் பிள்ளையின் பதிவேட்டு வரைபில் புள்ளி வைத்து, அது சென்ற மாதப் புள்ளியிலிருந்து ஏறியிருக்கிறதா, கிடையாகப் போகிறதா என்றே பார்ப்பார். அன்றைக்கு வந்த தொண்டர் அந்த ஒரு புள்ளியை மட்டும் பார்த்துப் "பிள்ளை மெலிவு" என்று சொல்லிப் பால்மாப் பெட்டியை நீட்டினால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்று அந்தத் தாய்க்குக் குடும்பநல உத்தியோகத்தர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த பேச்சு ஒரே நாளில் வீணாகும்.

உயிருக்கே கேடாகக்கூடிய தவறு, பெட்டியில் மருந்து கொண்டுவந்து பகிர்வதாகும். மாரி மழையை ஒட்டி இங்கே டெங்கு பெருகும். அந்தக் காலத்தில் காய்ச்சலுக்கு இபுபுரோபென், அஸ்பிரின் போன்றவற்றைக் கொடுத்தால் இரத்தக்கசிவு ஏற்படலாம் என்பதால் பரசிற்றமோலை மட்டுமே, அதுவும் உரிய அளவில், கொடுக்கச் சொல்வார்கள். தொண்டர் செய்யக்கூடியது, காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டியவரை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வதும், நிலைமை மோசமானால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழைப்பதுமே. முற்றத்துச் சிரட்டையையும் பழைய டயரையும் அப்புறப்படுத்த ஊர் இளைஞரோடு சேர்ந்து இறங்கினால், அது பெட்டி நிறைந்த மருந்தைவிடப் பயன் தரும்.

கற்பித்தலில் காலம் பார்க்காமல் வருவோர் அதிகம். ஓகஸ்டில் அங்கே விடுமுறை என்று புறப்பட்டு வந்தால், இங்கும் பாடசாலை தவணை விடுமுறையில் இருக்கக்கூடும். அல்லது ஐந்தாம் தரப் பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சையைத் தவிர வேறெதையும் நினைக்காத நேரமாக இருக்கும். அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு கால விடுமுறையும் உண்டு. நாட்காட்டி அண்மை ஆண்டுகளில் மாறி மாறி வருவதால், பயணச்சீட்டு வாங்குமுன் அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிலும் விசாரிப்பது அவசியம். மூன்று கிழமையில் பிள்ளைகளை ஆங்கிலம் பேச வைத்துவிடுவேன் என்பவரை எந்த அதிபரும் நம்புவதில்லை. மரியாதைக்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான். ஆசிரியரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியே வகுப்பு எடுப்பதைவிட, அவரோடு நின்று பிள்ளைகளைப் பேசவும் கேட்கவும் பழக்குவதே நிலைக்கும்.

மட்டக்களப்பு நகரை ஒட்டிய கல்லடியில் தங்கிக்கொண்டு, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் மாலை வகுப்பு வைப்பவர்கள் தம் பயணத்தை மட்டும் கணக்கிடுகிறார்கள். எல்லைக் கிராமங்களில் பொழுது பட்டபின் யானை நடமாட்டம் உண்டு. ஆகையால் பிள்ளைகள் வெளிச்சத்திலேயே வீடு சேரும்படி வகுப்பு முடிய வேண்டும். அம்பிளாந்துறைப் பக்கம் போக வாவியைப் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் கடப்பவர், அது மறுகரையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துப் புறப்பட வேண்டும்.

சுற்றுலா விசாவில் வந்து பாடசாலையில் பணி செய்யலாம் என்று நினைப்பதும், பெற்றோரைக் கேளாமல் பிள்ளைகளைப் படமெடுத்து முகநூலில் இடுவதும் விளக்கம் தேவையில்லாத தவறுகள். புறப்படும் திகதியை முதல் நாளிலேயே அதிபரிடம் சொல்லுங்கள். எந்தப் பிள்ளை எதுவரை படித்தது என்பதைக் கொப்பியொன்றில் எழுதிக் கடைசிக் கிழமையில் வகுப்பாசிரியரிடம் கொடுத்தால், அடுத்து வருபவர் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க நேராது.