குடிநோயாளர் கூட்டத்துக்கு முதல்முறை செல்பவருக்கு

குடியை விட விரும்புபவருக்குத் துணை நிற்கும் குழுக்களில் தமிழ்நாட்டில் பலரும் அறிந்தது ‘ஏ.ஏ.’ எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியிலிருந்து மீள முயன்ற ஒரு பங்குவணிகரும் ஒரு மருத்துவரும் தங்களுக்குள் பேசத் தொடங்கியதிலிருந்து இது பிறந்தது. இதில் சேரக் கட்டணமில்லை, விண்ணப்பமில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி.

கூட்டத்தைத் தேடும் முன் உடலைக் கவனிக்க வேண்டும். பல ஆண்டுகளாக நாள்தோறும் அதிகமாகக் குடித்து வந்தவர், வைராக்கியத்தோடு ஒரே நாளில் நிறுத்திவிட்டால், முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரக்கூடும். இரண்டாவது, மூன்றாவது நாளில் கடுமையான நடுக்கம், வியர்வை, இல்லாத உருவங்கள் தெரிதல், நாளும் இடமும் மறந்த குழப்பம் ஆகியவை தோன்றக்கூடும். இது உயிருக்கே ஆபத்தானது. ஆகவே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ போதை மீட்பு மையத்திலோ மருத்துவரைப் பார்த்து, அவர் மேற்பார்வையில் நிறுத்துவதே முறை. வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் 108-ஐ அழையுங்கள். இந்தக் குழு, மருத்துவத்துக்கு மாற்றன்று. மருத்துவம் முடிந்து வீடு திரும்பியபின் வரும் நீண்ட மாலைகளுக்கானது அது.

கூட்டம் எங்கே நடக்கிறது என்பதை அறிய எளிய வழி, சிகிச்சை பெற்ற இடத்தின் ஆலோசகரையோ சமூகப் பணியாளரையோ கேட்பது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை போன்ற மையங்களில் பணியாற்றுவோருக்கு இத்தகைய குழுக்களோடு பழக்கம் இருக்கும். ஏ.ஏ.யின் இந்திய இணையதளத்திலும் ஊர்வாரியாகத் தொடர்பு எண்கள் கிடைக்கும். யாரிடமும் நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால், போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446-ஐயோ, தமிழிலும் பேசும் மனநல உதவி எண் 14416-ஐயோ அழைக்கலாம், இரண்டுக்கும் கட்டணமில்லை. கூட்டங்கள் பெரும்பாலும் தேவாலயக் கூடங்களிலும் பள்ளி வகுப்பறைகளிலும் நடப்பதால், இது ஒரு மதத்தாரின் கூட்டமோ என்று சிலர் தயங்குகிறார்கள். இடம் வாடகைக்கோ இரவலாகவோ பெறப்பட்டதுதான். குழுவுக்கும் அந்த மதத்துக்கும் தொடர்பில்லை.

தொலைபேசியில் பேசும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சு தமிழில் நடக்குமா? பெண்கள் வருகிறார்களா, அல்லது அவர்களுக்குத் தனிக் கூட்டம் உண்டா? இது திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் மற்றவர்களும் வரலாம். மூடிய கூட்டத்தில் குடிப்பழக்கத்தை நிறுத்த விரும்புபவர்கள் மட்டுமே இருப்பார்கள். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று அஞ்சுபவருக்கு, வீட்டிலிருந்து சற்றுத் தள்ளிய பகுதியில் நடக்கும் மூடிய கூட்டமே முதலில் பொருந்தும் என்பது என் கருத்து.

முதல் நாளில் கடினமானது வாசற்படிதான். பலர் தெருமுனை வரை வந்து திரும்பிவிடுகிறார்கள். தொடர்பு எண்ணில் பேசியவரிடமே, “வாசலில் நின்று என்னை அழைத்துச் செல்ல முடியுமா?” என்று கேட்டுவிடுங்கள்; அவரும் ஒருகாலத்தில் அதே வாசலில் தயங்கி நின்றவராகவே இருப்பார். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், ஏனெனில் பசியும் குடிக்கும் ஆசையும் எளிதில் ஒன்றோடொன்று குழம்பிவிடும். பத்து நிமிடம் முன்னதாகச் சென்றால், எல்லோரும் அமர்ந்தபின் நுழையும் சங்கடம் இருக்காது.

கூட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ நடக்கும். ஒவ்வொருவராக எழுந்து, முதற்பெயரை மட்டும் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கித் தம் அனுபவத்தைக் கூறுவார். குறுக்கே யாரும் கேள்வி கேட்பதில்லை, அறிவுரையும் கூறுவதில்லை. உங்கள் முறை வரும்போது, “இன்று கேட்க மட்டும் வந்திருக்கிறேன்” என்று சொல்லி அமர்ந்துவிடலாம். இறுதியில் காணிக்கைப் பை சுற்றி வரும். புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை. அங்கே கேட்டதை வெளியே பேசாதிருப்பது மட்டும் கண்டிப்பான கடமை.

குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் ‘பன்னிரண்டு படிகள்’ என்ற வழிமுறையில் கடவுள் என்ற சொல் வருவது, பகுத்தறிவு மரபில் வளர்ந்தவரை உறுத்தக்கூடும். ‘நாம் புரிந்துகொண்ட அளவிலான’ கடவுள் என்றே அப்படிகள் கூறுவதால், அந்தக் குழுவையே தம்மினும் பெரிய துணையாகக் கொண்டு தொடர்பவர்களும் உண்டு. அதுவும் ஒவ்வாவிட்டால், மருத்துவமனை ஆலோசகர் நடத்தும் குழுச் சிகிச்சையைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒரே ஒரு கூட்டத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். குழுவுக்குக் குழு மனிதர்களும் பேச்சும் மாறுபடுவதால், குறைந்தது மூன்று நான்கு கூட்டங்களையாவது பார்த்துவிடுவது நல்லது.

கூட்டம் கலைந்தவுடன் கிளம்பிவிடாமல், தேநீருக்கு நின்று இருவரின் தொலைபேசி எண்ணையாவது வாங்கிக்கொள்ளுங்கள். மதுக்கடை திறந்திருக்கும் வேளையில் கை துறுதுறுக்கும்போது உதவப்போவது அந்த எண்தான். சில வாரங்களுக்குப்பின், நெடுநாள் குடிக்காதிருக்கும் ஒருவரை ‘ஸ்பான்சராக’, அதாவது உங்களுக்கு வழிகாட்டித் துணை நிற்பவராக, இருக்கும்படி கேட்கலாம். மனைவிக்கோ பெற்றோருக்கோ, குடிநோயாளர் குடும்பத்தாருக்கென இயங்கும் ‘அல்-அனான்’ குழு தனியே உண்டு. நீங்கள் கூட்டத்துக்குப் போகாவிட்டாலும் அவர்கள் போகலாம்.

இடையில் மீண்டும் குடித்துவிட்டால், அடுத்த கூட்டத்துக்கே சென்று அதைச் சொல்லிவிடுங்கள். அந்தக் குடி பல நாள் தொடர்ந்திருந்தால் மட்டும், கூட்டத்துக்கு முன்பாக மருத்துவரிடம் செல்லுங்கள். நிறுத்தும்போது வரும் வலிப்பு ஆபத்து முதல்முறைக்கு மட்டும் உரியதன்று.