மணமுள்ள பழைய சிவப்பு ரோஜா: சேலத்து மண்ணில் வளர்க்கும் முறை

பூங்கொத்துக்கென விற்கும் நீண்ட காம்புச் சிவப்பு ரோஜாக்கள் பல நாள் வாடாமல் இருப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றில் மணத்தைத் தேடுவது வீண். மணத்தை விரும்புவோர், 1897-இல் அறிமுகமான 'குரூஸ் ஆன் டெப்லிட்ஸ்' போன்ற பழைய ரகத்தையே வளர்க்க வேண்டும். மெல்லிய காம்பில் தலை கவிழ்ந்து பூக்கும் அந்தச் செம்பூ ஜாடிக்கு உதவாவிட்டாலும், கொடியில் இருக்கும்போதே வாசலை மணக்க வைக்கும். பெயர்ச்சீட்டை நம்பாமல், தாய்ச்செடியின் பூவை முகர்ந்து பார்த்த பிறகே குச்சி கேளுங்கள்.

பென்சில் பருமனுள்ள, பூத்து முடிந்த கிளையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. நீளத்தில் குச்சியை வெட்டி, அடிக்கணு மண்ணுக்குள் இருக்குமாறு மணல் கலந்த செம்மண்ணில் ஊன்றி, நிழலில் வைக்க வேண்டும். நான்கு முதல் ஆறு வாரங்களில் வேர் பிடிக்கும். இடையில் துளிர் வந்துவிட்டதே என்று பிடுங்கிப் பார்க்கக் கூடாது. குச்சியில் வளர்ந்த செடிக்கு காட்டு ரோஜா வேரில் ஒட்டிய ஒட்டுச்செடியைப் போல அடியிலிருந்து காட்டு ரோஜா கிளம்பும் தொல்லை இல்லை என்பதால், நான் இதையே விரும்புகிறேன்.

நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடத்தில் 45 செ.மீ. ஆழ, அகலக் குழி எடுத்து, மக்கிய தொழு உரம் 10 கிலோ கலந்து நடுங்கள்.

சேலத்தில் கவனிக்க வேண்டியது மண்ணும் நீரும்தான். நகரையொட்டிய சுண்ணாம்புக்கரட்டுக் குன்றுகளில் மேக்னசைட் எனும் வெள்ளைக்கல் கிடைப்பதை நாம் அறிவோம். அதையொட்டிய நிலங்களில் காரத்தன்மை மிகுந்து, ரோஜாவுக்கு இரும்புச்சத்து எட்டாமல் போகும். எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரை மட்டுமே ஊற்றிய செடியின் இளந்தளிர்கள், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி எலுமிச்சை நிறமாக வெளுத்தன. லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட்டை மாலையில் தெளித்து, மழைநீரைச் சேமித்து ஊற்றிய பிறகே அது தேறியது.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் சிக்கல் வேறு. பனிமூட்டத்தால் இலை நெடுநேரம் ஈரமாக இருப்பதால் கரும்புள்ளி நோய் எளிதில் பரவும். இடைவெளி விட்டு நட்டு, தூரில் மட்டும் நீர் விட்டு, உதிர்ந்த இலைகளை அன்றன்றே அப்புறப்படுத்துங்கள்.

அடைமழை ஓய்ந்ததும் கவாத்து செய்ய வேண்டும். காய்ந்த கிளைகளை அகற்றி, மற்றவற்றைப் பாதியளவு குறைத்து, வெளிப்புறம் நோக்கிய கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். வெட்டுவாயின் நடுவே தண்டுச்சோறு பழுப்பாகத் தெரிந்தால், வெண்மை தெரியும் வரை கீழே இறங்கி வெட்டி, போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தடவினால் நுனிக்கருகல் பரவாது.

வெயில் ஏற ஏற மணம் காற்றோடு போய்விடும். ஆகவே பாதி விரிந்த பூக்களை விடியலிலேயே பறித்துவிடுங்கள்.