பழைய பெருவீட்டில் குடிபுகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் பழைய பெருவீடு ஒன்றை விலைக்கு வாங்கியவர்களும், வெளிநாட்டிலுள்ள உறவினரின் வீட்டைப் பொறுப்பேற்றவர்களும் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். ஆவணியில் சாவி கைக்கு வந்தால், ஐப்பசிக்குள் சுவருக்குப் பெயின்ற் அடித்து, தரைக்கு ரைல்ஸ் பதித்து, தைப்பொங்கலுக்குப் பால் காய்ச்சிக் குடிபுகுந்துவிடலாம் என்பது அந்தக் கணக்கு. அது பிழையாகிப்போவது மாதத்தில்தான். இங்கே ஆண்டுக்குப் பெய்யும் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழையில் பாதிக்குக் கிட்டிய பங்கு நவம்பர், டிசெம்பர் ஆகிய இரண்டு மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. அந்த மழையும் நேராக விழுவதில்லை. வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து சாய்ந்து வந்து ஓட்டுக்கு அடியிலும் யன்னல் இடுக்கிலும் புகுந்துவிடுகிறது.

நகரின் வில்லூன்றிப் பக்கத்தில் ஆறு அறைகளும் நடுமுற்றமும் மூன்று பக்க விறாந்தையும் கொண்ட வீடு எமக்கு வந்தபோது நாமும் இதே கணக்கைத்தான் போட்டோம். ஒக்ரோபரில் மண்டபத்துச் சுவருக்கு இரண்டு பூச்சுப் பெயின்ற் அடித்தோம். மார்கழி நடுப்பகுதியில் சுவரின் அடியிலிருந்து முழங்கால் உயரம் வரை பெயின்ற் கொப்புளம் கொப்புளமாக ஊதி நின்றது. ஒன்றை விரலால் அழுத்தியபோது தோல்போல உரிந்து, உள்ளிருந்து ஈரமான வெள்ளைத் தூள் கொட்டியது. நாவில் தொட்டுப் பார்த்தால் உப்பு. அந்தச் சுவரைச் சரிசெய்ய, பெயின்றுக்குச் செலவழித்ததைப்போலப் பல மடங்கு பணமும் ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட காலமும் தேவைப்பட்டன. ஆகவே கூரையையும் உயிருக்கு ஆபத்தான மின்கம்பிகளையும் தவிர வேறெதையும், ஒரு வாடைக்காலத்தையும், தென்மேற்கிலிருந்து வெக்கையோடு வீசும் ஒரு கச்சான்காலத்தையும் அந்த வீட்டுக்குள் இருந்து பார்க்கும் முன்னர் நிரந்தரமாக மாற்றக்கூடாது என்பதே எனது உறுதியான கருத்து. மழை நாட்களில் எந்த இடத்தில் ஒழுகுகிறது, முற்றத்து நீர் எந்தப் பக்கம் வழிகிறது, எந்தச் சுவர் எத்தனை நாட்களில் காய்கிறது என்பவற்றைத் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், பின்னர் மேசனோடும் ஓடாவியோடும் பேசுவதற்கு அதைவிடச் சிறந்த ஆதாரம் கிடைக்காது.

ஆனால் வேலை தொடங்குவதற்கு முன்னரே நேரக்கூடிய பெரிய தவறு ஒன்று உண்டு. காணியின் உரிமைப் பத்திரமான உறுதியைச் சரிவரப் பார்க்காமல் சுவரில் கை வைப்பதே அது. பெருவீடுகள் பெரும்பாலும் பல பிள்ளைகளுக்கு முதுசமாக வந்தவை. அவர்களில் ஒருவர் கனடாவிலும் ஒருவர் இலண்டனிலும் இருப்பார்கள். இறந்துபோன ஒருவரின் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போயிருக்கும். மற்றவருக்காகக் கையொப்பமிடும் அதிகாரமான அற்றோணித் தத்துவத்தைப் பெற்று ஒருவர் கையொப்பமிட்டாலும், அது எல்லாப் பங்குதாரரையும் கட்டுப்படுத்துகிறதா என்பதை வேறாகப் பார்க்க வேண்டும். குறைந்தது 30 ஆண்டுக்கான உறுதித் தொடரைக் காணிப் பதிவகத்தில் நொத்தாரிசு மூலம் தேடுவித்து, நில அளவையாளரைக் கொண்டு எல்லையை அளந்து பார்த்த பின்னரே பணத்தை இறக்க வேண்டும். கடற்கரையிலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் வரையான நிலம், 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டத்தின்படி கரையோர வலயமாகக் கொள்ளப்படுவதால், நகரின் பல வீடுகளுக்கு உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியோடு கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படலாம். 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முந்திய கட்டடங்கள் தொல்பொருளியல் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பிரட்றிக் கோட்டையை அண்டிய பகுதிகளில் வீடு எடுப்பவர்கள், தமது வீடு அத்தனை பழையது அல்ல என்றாலும், முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கூரைக்கு வருவோம். ஒழுகுகிறது என்றவுடன் ஓடு முழுவதையும் இறக்கிவிட்டுத் தகரமோ அஸ்பெஸ்டஸ் சீற்றோ போடும்படி ஆலோசனை சொல்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். எமது அனுபவத்தில் ஒழுக்குக்குக் காரணமாக இருந்தவை, குரங்குகள் ஓடித் திரிந்து நகர்த்திய ஓடுகளும், இரு கூரைகள் சந்திக்கும் உள்மூலையில் துருப்பிடித்த தகடும், சருகால் அடைத்துப்போன பீலியுமே. அவற்றைச் சரிசெய்து, உடைந்த ஓடுகளுக்குப் பதிலாக அதே அச்சில் வார்த்த பழைய ஓடுகளை இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வாங்கிப் போட்டபோது ஒழுக்கு நின்றுவிட்டது. ஓடொன்று இரண்டு முதல் மூன்று கிலோ வரை நிறையுள்ளது. அந்த நிறையே பழைய கூரையைக் காற்றில் இருத்தி வைத்திருக்கிறது. அதே மரங்களின் மேல் நிறை குறைந்த சீற்றைப் போட்டு, கைமரங்களைச் சுவரோடு இரும்புப் பட்டியால் பிணைக்காமல் விட்டால், புயற்காற்று கூரையை அப்படியே தூக்கிவிடும். 1964 டிசெம்பரில் இந்த நகரைத் தாக்கிய புயலை நேரில் கண்ட முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி புரெவி திருகோணமலைக்கு வடக்கேதான் கரையைக் கடந்தது. ஏற்கெனவே அஸ்பெஸ்டஸ் கூரை உள்ள வீடாக இருந்தால், அதை வாளால் அறுப்பதும், சுத்தியலால் உடைத்து இறக்குவதும், தேய்த்துக் கழுவுவதும் நுரையீரலுக்குள் நார்த்தூசியைத் தாமே அனுப்பும் காரியங்கள். நீர் தெளித்து நனைத்து, ஆணிகளைக் கழற்றி, சீற்றை முழுதாக இறக்க வேண்டும். வேலையாட்களுக்குத் தகுந்த முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை.

இனிச் சுவர். பழைய வீடுகளில் நடக்கும் தவறுகளுள் மிகப் பரவலானதும் மிக மெதுவாக வெளிப்படுவதும் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்குள்ள பழஞ்சுவர்கள் பல கல்லும் செங்கல்லும் முருகைக்கல்லும் கலந்து, சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டவை. அவற்றின் அடியில் இன்றைய கட்டடங்களில் இருப்பதுபோல ஈரத்தடுப்புப் படை எதுவும் இல்லை. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியாக வெளியேறிக் காற்றில் கலந்துவிடும். சுவர் நனையும், பிறகு காயும், அவ்வளவுதான். அதன் மேல் சீமெந்துப் பூச்சை ஏற்றி, பிளாஸ்ரிக் தன்மையுள்ள பெயின்றால் மூடிவிட்டால், ஈரம் வெளியேற வழியின்றி மேல்நோக்கி ஏறத் தொடங்கும். கடலோரத்துச் சுவரில் ஈரத்தோடு உப்பும் இருக்கிறது. நீர் காயும் இடத்தில் உப்பு பளிங்காகி விரிவடைய, பூச்சும் அதன் பின்னாலுள்ள செங்கல்லும் பொடிந்து போகின்றன. எமது மண்டபத்துச் சுவரில் நாம் கண்ட வெள்ளைத் தூள் இதுதான். நாம் அடித்த பெயின்றுக்கு உள்ளே, முன்பு குடியிருந்த யாரோ பூசிய ஓர் அங்குலச் சீமெந்துப் பூச்சு இருந்தது.

இதைத் திருத்தும்போதும் மக்கள் வரிசையைத் தலைகீழாக்கி விடுகிறார்கள். பூச்சுக்கு முன்னர் நீரின் வழியைப் பார்க்க வேண்டும். எமது வீட்டின் வடக்குப் புறத்தில் பல ஆண்டுகளாக மண்ணும் குப்பையும் சேர்ந்து, வெளிநிலம் உள்தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தது. அந்த மண்ணை வெட்டி அகற்றி, வடிகால் எடுத்தபோதே பாதி ஈரம் குறைந்தது. அதன் பின்னர் மாசியில், மழை ஓய்ந்ததும், ஈரம் ஏறிய உயரத்துக்கு ஒரு முழம் மேலே வரை சீமெந்துப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கச்சான் காற்று படும்படி கதவுகளைத் திறந்து வைத்து, சில மாதங்கள் சுவரை வெறுமையாகவே விட்டோம். வருவோர் எல்லாம் ஏன் இந்தக் கோலம் என்று கேட்டார்கள், பொறுத்துக்கொண்டோம். காய்ந்த சுவரை உலர்ந்த தூரிகையால் தட்டி உப்பைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டிய பின்னரே, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்குக் கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு சேர்த்து, மெல்லிய படைகளாகப் பூசுவித்தோம். சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சித்தான் இறுகுகிறது. ஒரே நாளில் தடிப்பாக அப்பினாலோ, கச்சானின் வெக்கையில் விரைந்து உலரவிட்டாலோ வெடித்துவிடும். அதனால் நனைத்த சாக்குகளைச் சுவருக்கு முன்னே தொங்கவிட்டு, ஒவ்வொரு படைக்கும் நாட்கள் விட்டு வேலை செய்ய வேண்டியிருந்தது. முருகைக்கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்பே பழைய சுவருக்குப் பொருத்தம் என்று சிலர் வற்புறுத்துவார்கள். கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதும் எடுத்துச் செல்வதும் 1988 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன. உள்நிலத்துக் கல்லிலிருந்து எடுத்த சுண்ணாம்பே போதுமானது, கடலுக்கும் கேடில்லை.

தரையிலும் இதே விதி செல்லும். சிவப்புச் சீமெந்துத் தரையை உடைத்து, பிளாஸ்ரிக் தாள் விரித்து ரைல்ஸ் பதித்தால், தரை வழியாக வெளியேறிக்கொண்டிருந்த ஈரமும் சுவரைத் தேடிப் போகும். தேங்காய்ப்பூச் சக்கையாலும் மெழுகாலும் தேய்த்துவர, எமது மண்டபத்துத் தரை ஆறு மாதத்தில் முகம் பார்க்கும் பளபளப்புக்கு வந்தது.

மரவேலையில் செய்யும் தவறு, கண்ணுக்குத் தெரியும் பகுதியைப் பார்த்து முடிவெடுப்பது. எமது கூடத்தில் சுவருக்குச் சுவர் கிடந்த பெரிய மரங்களான தீராந்திகள் பார்வைக்குக் கல்லுப்போல இருந்தன. அறுபது வயது கடந்த ஓடாவி ஒருவர் ஏணியில் ஏறி, சுத்தியல் பிடியால் நடுவில் தட்டியபோது ‘டங்’ என்று ஒலித்தது. சுவருக்கு அருகே வர வர ஒலி மந்தமாகி, கடைசியில் ‘பொத்’ என்றது. திருப்புளியை எடுத்துத் தீராந்தி சுவருக்குள் நுழையும் இடத்தில் வைத்து உள்ளங்கையால் தள்ளினார். பிடிவரை உள்ளே போய்விட்டது. “தம்பி, நடுமரத்தில பிழையில்லை. செவருக்குள்ள இருக்கிற தலைப்பைத்தான் தண்ணியும் கறையானும் தின்டிருக்கு. முழுமரத்தையும் மாத்தச் சொல்லி ஆரும் சொன்னால் கேளாதேங்கோ,” என்றார். உக்கிய தலைப்பை மட்டும் அறுத்து, புதிய வைரமரத்தை இணைத்து, துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளால் இறுக்கி, சுவரிலுள்ள குழியில் காற்றோட இடம் விட்டு வைத்தார். கடற்காற்று வீசும் ஊரில் சாதாரண இரும்பாணியைப் பயன்படுத்துவது, அதே வேலையைச் சில ஆண்டுகளில் மீண்டும் செய்ய ஒப்புக்கொள்வதாகும்.

பழைய கதவு, யன்னல்களை விற்றுவிட்டு அலுமினியம் போடுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதிரையும் பாலையும் தேக்கும் சாவண்டலையும் இன்று அந்தத் தடிப்பில், அந்த வைரத்தில் கிடைப்பது மிகக் கடினம். சாவண்டலை ஆங்கிலேயரின் மர வணிகத்தில் நமது ஊரின் பெயராலேயே, திருகோணமலை மரம் என்று அழைக்கப்பட்டது. பழைய பொருள் வாங்குவோர் வாசலுக்கே வந்து கொடுக்கும் விலை, அதே மரத்தில் ஒரு புதிய நிலையைச் செய்விக்கக்கூடப் போதாது. கதவுக்கு மேலுள்ள காற்றுத்துவாரங்களை அடைப்பதும், நடுமுற்றத்தை ஒளிபுகும் சீற்றால் மூடுவதும் இதே வகைத் தவறுகள். சூடான காற்று மேலே போய் வெளியேறும் வழியை அடைத்துவிட்டு, பிறகு அறைக்கு அறை குளிரூட்டி வாங்க வேண்டியதாகிறது.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. துணி சுற்றிய இறப்பர்க் கம்பிகள் மரப்பட்டிக்குள் ஓடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் மேல் புதிய பிளக்குகளை மட்டும் பொருத்துவது தீயை அழைப்பதற்குச் சமம். முழு வீட்டுக்கும் புதிய கம்பி இழுத்து, நிலத்தொடுப்புச் செய்து, 30 மில்லி அம்பியரில் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் போடுவித்த பின்னரே பிள்ளைகளோடு அங்கே உறங்க வேண்டும். பழைய பெயின்றைக் காய்ந்த நிலையில் அரத்தாளால் தேய்ப்பதும் பிள்ளைகளுக்கு ஆபத்தானது. பெயின்றில் ஈயத்தின் அளவுக்கு இலங்கையில் கட்டாய வரம்பு 2013 ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய படைகளில் ஈயம் இருக்கக்கூடும் என்று கொண்டு, நனைத்துச் சுரண்டி, தூசியைத் துடைத்து எடுக்க வேண்டும். வேலை நடக்கும்போது வீட்டிலேயே இருப்பவர்கள் இரண்டு அறைகளையும் ஒரு குசினியையும் முதலில் முடித்து, அவற்றை மூடி வைத்துக்கொள்வதே நல்லது. எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கினால் ஒரு மூலையிலும் உட்கார முடியாது.

கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் அதைச் சீமெந்துக் கலவைக்கு எடுக்கக்கூடாது; கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பி துருவேறி வீங்கி, பீம் வெடித்துவிடும். புதிய மலசலக் குழியைக் கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீற்றராவது தள்ளி எடுக்க வேண்டும்.

வீடு ஓரளவு சீராகிவிட்டது என்று நினைத்துப் பராமரிப்பைக் கைவிடுவதே பின்னர் வரும் தவறு. 2017 ஆம் ஆண்டு நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டபோது, கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் நமது மாவட்டத்தின் கிண்ணியாவும் ஒன்று. பெருவீட்டின் நீண்ட பீலிகளும், யாரும் எட்டிப் பாராத பின்முற்றத்துத் தொட்டிகளும் நுளம்பு பெருக ஏற்ற இடங்கள். புரட்டாதி முடிவதற்குள் ஏணி வைத்து ஏறி, பீலியிலுள்ள சருகை வழித்தெடுத்து, ஒவ்வொரு முனையிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது எங்கும் தேங்காமல் கீழ்க்குழாய் வழியாக வடிகாலுக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.