கல்யாணத்துக்குப் பதினைந்து நாள்: இன்னும் ஹனிமூன் டிக்கெட் போடாதவர்களுக்கு

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பத்தரை மணிக்கு என் சித்தி மகன் போன் செய்தான். வேலை பெங்களூர் வைட்ஃபீல்டில், கல்யாணம் கும்பகோணத்தில், ஆவணி முகூர்த்தம். "அக்கா, லீவ் இப்பதான் கிடைச்சுது. பதினாலு நாள்தான் இருக்கு. அவகிட்ட வெளிநாடு கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். கையில ஒன்னேகால் லட்சம் இருக்கு, எங்க போகலாம்?"

இந்தக் கேள்வி என்னிடம் வருவது இது நான்காவது முறை. எங்கள் தேனிலவை நானும் என் கணவரும் அல்சூர் வீட்டில் உட்கார்ந்து பதின்மூன்றே நாளில் ஏற்பாடு செய்தோம் என்ற கதை சொந்தக்காரர்கள் மத்தியில் பரவிவிட்டது. அதில் நாங்கள் எவ்வளவு பணத்தை விட்டோம் என்பது மட்டும் பரவவில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள்

எந்த நாடு என்ற பேச்சே பிறகுதான். இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து மேஜையில் வையுங்கள். பயணத் தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இல்லையென்றால் பல நாடுகளுக்கு விமான நிறுவனமே ஏற்றாது.

ஒருவரிடம் பாஸ்போர்ட்டே இல்லையா? தட்கால் இருக்கிறது. பெரியவர்களுக்கான 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்காலுக்கு மேலும் 2,000. போலீஸ் சரிபார்ப்பு பெரும்பாலும் பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் நடக்கும். பெங்களூரில் லால்பாக் ரோடு, மாரத்தஹள்ளி இரண்டு இடத்திலும் சேவா மையம் உண்டு. இங்கே தேதி கிடைக்கவில்லை என்றால் தவிக்க வேண்டாம், 2018 முதல் இந்தியாவில் எந்த ஊர் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். பெண் கும்பகோணத்தில் இருந்தால் திருச்சிப் பக்கமே பார்க்கலாம். ஆனால் பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை ரத்து செய்ய முடியாத எதையும் வாங்காதீர்கள்.

அடுத்தது பெயர். நம்மவர்களுக்கு இதுதான் பெரிய கண்ணி. ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, சிலருக்கு குடும்பப் பெயர்க் கட்டமே காலி. டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளது எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். என் கணவர் என்ன செய்தார் தெரியுமா? ஆசை ஆசையாக என் பெயருக்குப் பின்னால் தன் பெயரைப் போட்டு டிக்கெட் எடுத்துவிட்டார். என் பாஸ்போர்ட்டில் இருந்தது அப்பா பெயர். டிக்கெட் எடுத்த இணையதளம் 'பெயரை மாற்ற முடியாது, ரத்து செய்து புதிதாக எடுங்கள்' என்றது. ஒரு டிக்கெட் பணம் முக்கால்வாசி போயிற்று. இன்றைக்கும் அவர் அதைக் காதல் என்கிறார், நான் கவனக்குறைவு என்கிறேன்.

ஆகவே கல்யாணத்தை ஒட்டிப் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்கப் போகாதீர்கள். தேவையே இல்லை. பழைய பெயரிலேயே போய் வரலாம். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் அந்த விமான நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டுவிடுங்கள். பெயரையே இரண்டு கட்டத்திலும் போடு என்பார்கள், அல்லது வேறு ஏதாவது சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம்.

நாட்டைத் தேர்ந்தெடுப்பது: ஜோசியர் பாதி வேலையை முடித்துவிட்டார்

கடைசி நேரத்தில் மலிவாகப் போக வேண்டும் என்றால் டிக்கெட் தள்ளுபடியைத் துரத்திப் பயனில்லை. விசாவுக்குக் காத்திருக்க வேண்டாத நாடாகவும், அந்த மாதம் வானம் தெளிந்திருக்கும் நாடாகவும் பிடித்தால் போதும். ஐரோப்பா, ஜப்பான் எல்லாம் முதலாமாண்டு நிறைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விசா சுலபமான பட்டியல் சின்னது. தாய்லாந்தில் 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 60 நாள் என்று அறிவித்தார்கள். மலேசியாவில் 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசா விலக்கு, 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். மாலத்தீவில் இறங்கியதும் 30 நாள் இலவசமாகக் கிடைக்கும். பாலிக்கு இந்தோனேசியா 5,00,000 ருப்பையாவுக்கு இறங்கும் இடத்தில் விசா தருகிறது, கூடவே பாலி மாகாணம் தலைக்கு 1,50,000 ருப்பையா சுற்றுலாக் கட்டணம் வாங்குகிறது. இலங்கைக்கு இணையத்திலேயே ஈடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி. இந்த விதிகள் அடிக்கடி மாறும். எனவே பணம் கட்டுகிற அன்று அந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மாதம். நமக்கு மார்கழியிலும் ஆடியிலும் கல்யாணம் இல்லை. மிச்ச மாதங்களைக் கடலோடு பொருத்திப் பாருங்கள்.

தை, மாசியில் தாலி கட்டுகிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள். தாய்லாந்தின் அந்தமான் கரை, அதாவது புக்கெட், கிராபி, இலங்கையின் தென்மேற்குக் கரையில் பெந்தோட்டை, காலி, மிரிசா, கூடவே மாலத்தீவு, எல்லாமே அப்போது தெளிவாக இருக்கும். ஒரே ஒரு வில்லங்கம், சீனப் புத்தாண்டு. ஜனவரி 21 முதல் பிப்ரவரி 20க்குள் ஏதாவது ஒரு நாளில் வரும், அதாவது நம் தை மாதத்தின் நடுவிலோ ஒட்டியோ. அந்த வாரம் தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூரில் அறை வாடகை எகிறும். வியட்நாமில் அதே நாளில் டெட் பண்டிகை, அலுவலகங்கள் மூடிக்கிடக்கும், இ-விசா நகராது. அந்த வாரத்தில் மாட்டிக்கொண்டால் இலங்கைக்குப் போய்விடுங்கள்.

பங்குனியில் பாலி போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெங்களூர்க்காரர்கள் யுகாதி விடுமுறையைச் சேர்த்து லீவ் போடுவோம் இல்லையா, அதே யுகாதியை ஒட்டித்தான் பாலியில் நியேபி என்ற மௌன நாள் வருகிறது. அன்று 24 மணி நேரம் டென்பசார் விமான நிலையமே மூடியிருக்கும். ஹோட்டலை விட்டு யாரும் தெருவுக்கு வரக்கூடாது. தேனிலவு ஜோடிக்கு அதில் பெரிய வருத்தம் இருக்காது என்று என் கணவர் சொல்கிறார். விமானம் அன்றைக்கு என்றால் இருக்கும்.

வைகாசி, ஆனி, ஆவணிக் கல்யாணங்களுக்கு அந்தமான் கரை சரிவராது. மழை, அலை, ரத்தாகும் படகுகள். படங்களில் பார்த்து ஆசைப்படும் மாயா விரிகுடாவை ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடிவைக்கிறார்கள். புக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று அப்போது குதிப்பவர்கள் ஏன் மலிவு என்று யோசிப்பதில்லை. இந்த மாதங்களில் பாலியில் வறண்ட காலம். இலங்கையில் கிழக்குக் கரை, அதாவது திருகோணமலை, நிலாவெளி, கண்ணாடி மாதிரி கடல். அங்கே தமிழிலேயே பேரம் பேசலாம். கொழும்பிலிருந்து சாலை வழியாக ஆறு மணி நேரம் போல ஆகும், அதை மட்டும் கணக்கில் வையுங்கள். மலேசியாவின் கிழக்குப் பக்கத் தீவுகளான பெர்ஹெந்தியான், ரெடாங் இரண்டும் அப்போது நன்றாக இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை கொஞ்சம் இழுபறி. நவம்பர் நடுவில் கிராபி தெளியத் தொடங்கும். கோ சமுய் பக்கம் அப்போதுதான் கொட்டும். இரண்டும் தாய்லாந்துதான், ஆனால் கடல் வேறு.

மாலத்தீவு பணக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மாஃபுஷி போல உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன. 50 அறைக்குக் குறைவான விடுதியில் பசுமை வரி தலைக்கு ஓர் இரவுக்கு 6 டாலர், ரிசார்ட்டில் 12. உள்ளூர்த் தீவில் மது கிடைக்காது, நீச்சல் உடைக்குத் தனிக் கடற்கரை. அரசுப் படகு வெள்ளிக்கிழமை ஓடாது.

தம்பிக்கு ஆவணி என்பதால் மலேசியா என்று முடிவானது. கோலாலம்பூரில் இரண்டு இரவு, பெர்ஹெந்தியானில் மூன்று.

டிக்கெட்

பட்ஜெட்டில் டிக்கெட்டுக்கு 40 சதவீதம் என்று ஒரு கோடு போடுங்கள். ஒன்றேகால் லட்சம் என்றால் இருவருக்கும் 50,000. அதற்கு மேல் போனால் தேதியை மாற்றுங்கள், அதுவும் முடியாவிட்டால் நாட்டை மாற்றுங்கள். கோட்டை மாற்றாதீர்கள்.

பெங்களூரில் வேலை செய்யும் தமிழர்கள் பலர் ஒரு விஷயத்தை யோசிப்பதே இல்லை. கல்யாணம் ஊரில், மறுவீடு ஊரில், விருந்து ஊரில். பிறகு எதற்காக ராத்திரி பஸ் ஏறி பெங்களூர் வந்து விமானம் பிடிக்க வேண்டும்? திருச்சியிலிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர், கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கிறது. மதுரையிலிருந்து கொழும்புக்கு உண்டு. போவது திருச்சியில், வருவது பெங்களூரில் என்று தனித்தனியாகத் தேடுங்கள். மலிவு விமான நிறுவனங்கள் ஒவ்வொரு வழிக்கும் தனி விலை வைப்பதால் இப்படிப் பிரித்தாலும் பெரும்பாலும் கூடுதல் செலவு வராது. தம்பி அப்படித்தான் போனான். திரும்பி இறங்கியதும் நேரே வைட்ஃபீல்டு.

தேடும்போது பார்க்கிற விலை 7 கிலோ கைப்பைக்கு மட்டும். பெட்டிக்குக் காசு தனி. இருவருக்கும் சேர்த்து 20 கிலோ ஒரே பெட்டி போதும், அதை டிக்கெட்டோடு சேர்த்தே வாங்குங்கள். விமான நிலையத்தில் வாங்கினால் அழுகை வரும். பாங்காக் வழியாக மாறுகிறவர்கள் விமான நிலையத்தின் பெயரையும் பாருங்கள். சுவர்ணபூமி வேறு, டான் முவாங் வேறு. நடுவே பாங்காக் போக்குவரத்து இருக்கிறது.

அறை

இலவச ரத்து உள்ளதாக எடுங்கள். முதல் இரவு மட்டும் கொஞ்சம் நல்ல அறை. கல்யாணக் களைப்போடு போகிறீர்கள், பாதி நாள் தூங்கத்தான் போகிறீர்கள். இரண்டு ஊருக்கு மேல் வைக்காதீர்கள். பணம் போதவில்லை என்றால் அறையின் தரத்தைக் குறைப்பதைவிட ஓர் இரவைக் குறைப்பது நல்லது என்பது என் கட்சி.

பணம்

செலவு மொய்ப் பணத்திலிருந்து என்றால் ஒன்று நினைவிருக்கட்டும். அது திருப்பிச் செய்ய வேண்டிய பணம். நோட்டுப் புத்தகத்தில் அம்மா எழுதி வைத்திருப்பார்.

பெங்களூர் எம்ஜி ரோடு பக்கம் நாணயம் மாற்றும் கடைகள் நிறைய. இரண்டு மூன்றில் விலை கேட்டு, அந்தந்த நாட்டுப் பணமாகவே கொஞ்சம் வாங்குங்கள். பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் நகல் வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரொக்கமாகக் கொடுத்து வாங்க முடியாது, வங்கி வழியாகத்தான். விமான நிலையத்தில் மாற்றுவது கடைசி வழி.

மற்றச் செலவுக்கு கார்டு. வெளிநாட்டுச் செலவுக்கு எத்தனை சதவீதம் மார்க்அப், அதாவது கூடுதல் கட்டணம், என்று வங்கியில் கேளுங்கள், பலவற்றில் 2 முதல் 3.5 வரை, அதன் மேல் ஜிஎஸ்டி. கடைக்காரர் மெஷினை நீட்டி 'ரூபாயிலா, ரிங்கிட்டிலா' என்று கேட்டால் ரிங்கிட் என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் விலை. தாய்லாந்து ஏடிஎம்களில் ஒருமுறை எடுக்கவே 200 பாட்டுக்கு மேல் கட்டணம், அடிக்கடி எடுக்காதீர்கள். பெர்ஹெந்தியானில் ஏடிஎம்மே கிடையாது. இலங்கையில் 2024 பிப்ரவரியிலிருந்து யுபிஐ ஸ்கேன் பல கடைகளில் வேலை செய்கிறது.

ஏஜென்ட்டிடம் முழு பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று ஒரு வரி சேர்ப்பார்கள். வருமான வரிக் கணக்கில் பிறகு ஈடுகட்டிக்கொள்ளலாம்தான், ஆனால் இன்றைக்குக் கையிலிருந்து போகிறது. ஐந்து இரவுப் பயணத்துக்கு ஏஜென்ட் தேவையில்லை என்பேன்.

பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள். ஸ்கூட்டர் ஓட்டும் ஆசை இருந்தால் ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். அது இல்லாமல் விழுந்தால் காப்பீடு கைவிரித்துவிடும்.

கிளம்பும் வாரம்

தாய்லாந்துக்கு டிடிஏசி, மலேசியாவுக்கு எம்டிஏசி என்று வருகைப் படிவங்கள். இரண்டும் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டியவை, இரண்டும் இலவசம். தேடினால் முதலில் வரும் பல தளங்கள் காசு கேட்கும். இந்தப் படிவங்களுக்கு அரசுத் தளம் காசு கேட்காது என்பதே அடையாளம். மாலத்தீவுக்கு ஐமுகா படிவம், 96 மணி நேரத்துக்குள். திரும்பி வரும் டிக்கெட், ஹோட்டல் பதிவு இரண்டையும் காகிதத்தில் அச்சடித்து வையுங்கள். போன் சார்ஜ் இல்லாத நேரத்தில்தான் அதிகாரி கேட்பார்.

கல்யாண நகைகள் லாக்கரில் இருக்கட்டும். தாலிச் சங்கிலி, ஒரு ஜோடி கம்மல் போதும்.

பெங்களூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு வெளிநாட்டு விமானங்கள் தேவனஹள்ளியில் இரண்டாம் முனையத்திலிருந்து. வாயு வஜ்ரா பஸ் காரைவிட எவ்வளவோ மலிவு, மாலை நேரமாக இருந்தால் வழியில் ஹெப்பாள் நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

சித்தி கடைசி நிமிடத்தில் ஒரு மாங்காய் ஊறுகாய் பாட்டிலைக் கொடுத்து, "பத்துமலை முருகனைப் பார்க்காம வந்துடாதீங்க" என்றாராம். முருகன் பிரச்சினை இல்லை, கோலாலம்பூரிலிருந்து ரயிலே போகிறது, 272 படிதான். ஊறுகாயைக் கைப்பையில் வைத்தான், திருச்சியில் எடுத்துக்கொண்டார்கள். எண்ணெய் உள்ள எதையும் பெட்டியில் போடுங்கள், மூன்று பிளாஸ்டிக் பை சுற்றி.