ஒன்பதாவதிலேயே எஸ்ஏடி: எங்கள் வீட்டில் நடந்த சொதப்பல்கள்

அமெரிக்காவில் பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குள் கால் வைத்ததுமே நம் ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது கேட்டுவிடுவார்கள், "எஸ்ஏடி ஒரு தடவை எழுத வெச்சாச்சா?" எஸ்ஏடி என்பது அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்காக எழுதும் தேர்வு. அந்தக் கேள்வியைக் கேட்டு மிரண்டு பெரியவளை எழுத வைத்தவன்தான் நானும். சீக்கிரமே எழுதிப் பார்ப்பதில் தப்பில்லை, எப்படி எழுதிப் பார்க்கிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

பெரிய தவறு, பயிற்சிக்கென்று நிஜத் தேர்வுக்கே பணம் கட்டியது. 70 டாலருக்குப் பக்கம் கட்டி, சனிக்கிழமை விடியற்காலையில் எழுப்பி, முக்கால் மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போய் எழுதிவிட்டு வந்தால், கடைசியில் கைக்கு வந்தது வெறும் மதிப்பெண். எந்தக் கேள்வியில் சறுக்கினாள் என்று பார்க்க வழியே இல்லை, தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு கேள்விகளைத் திருப்பித் தருவதில்லை. அவர்களுடைய புளூபுக் செயலியில் உள்ள முழு மாதிரித் தேர்வுகளோ இலவசம், நிஜத் தேர்வு நடப்பதும் அதே செயலியில்தான், முடித்ததும் ஒவ்வொரு கேள்வியையும் விளக்கத்தோடு பார்க்கலாம். அதற்காக வாரம் ஒன்று என்று எழுதித் தீர்த்துவிடாதீர்கள். இருப்பதே கொஞ்சம், பதினொன்றாவதில் நிஜமாகத் தேவைப்படும்போது எல்லாம் பார்த்த கேள்வியாக நிற்கும். இப்போதைக்கு ஒன்று போதும்.

அந்த ஒன்றையாவது ஒழுங்காக எழுத வேண்டும். எங்கள் சின்னவன் சாப்பாட்டு மேசையில் குக்கர் விசிலுக்கு நடுவே எழுதினான், கணக்கில் இரண்டாவது மாட்யூல், அதாவது இரண்டாம் பாதி, வந்ததும் "அப்புறம் பண்றேம்ப்பா" என்று லேப்டாப்பை மூடிவிட்டான். 98 கேள்வி, 2 மணி 14 நிமிடம், நடுவில் 10 நிமிட இடைவேளை, அவ்வளவுதான். முதல் மாட்யூலில் எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்தது கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிதானது வந்துவிட்டால் அதில் அத்தனையும் சரியாகப் போட்டாலும் உச்சத்தைத் தொட முடியாது. தப்புக்கு மதிப்பெண் குறைப்பதும் கிடையாது, ஆகவே எதையும் காலியாக விட வேண்டாம்.

மதிப்பெண்ணைப் பார்த்துப் பதறுவது அடுத்த கூத்து. அல்ஜீப்ரா 2 இன்னும் படிக்காத பிள்ளைக்கு அந்தக் கேள்விகள் போகத்தான் செய்யும், விடுங்கள். சின்னவன் வேறு நாள் முழுசாக எழுதினான், தப்பானவற்றை உட்கார்ந்து பார்த்தோம். ஒன்றில் 3 எக்ஸின் மதிப்பைக் கேட்டிருக்கிறார்கள், இவன் எக்ஸைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதையே குறித்துவிட்டு நகர்ந்திருக்கிறான். இந்த மாதிரித் தப்பைப் பிடிக்கத்தான் இவ்வளவு சீக்கிரம் எழுத வைப்பதே.

எஸ்ஏடிக்கு முன்னோட்டமான பிஎஸ்ஏடி பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. பொதுவாகப் பதினொன்றாவதில் அக்டோபரில் எழுதுவதுதான் நேஷனல் மெரிட் உதவித்தொகைக்குக் கணக்கு, அதற்கு முன் எழுதியதெல்லாம் பழக்கத்துக்குத்தான்.

"மோசமா வந்தா அனுப்பாம விட்டுடலாம்" என்பார்கள். பெரும்பாலான கல்லூரிகளுக்குச் சரி. ஆனால் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் மாதிரி சில இடங்கள் எழுதிய எல்லாத் தேர்வின் மதிப்பெண்ணையும் கேட்கும். பெரியவளின் பட்டியலில் ஜார்ஜ்டவுன் இருந்தது.