சிக்லிட் தொட்டிக்கு மணலா, கல்லா?

தொட்டி வாங்கப் போனால் கூடவே ஒரு பை வண்ணக் கல்லையும் கடைக்காரர் தலையில் கட்டிவிடுவார். கப்பி, மோலி வளர்ப்பவருக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. சிக்லிட் அப்படியல்ல, அதில் பல வகைகள் அடித்தரையை வாயால் கிளறும் மீன்கள். எனவே நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், வளர்க்கப்போகும் மீனின் வாயைப் பார்த்து வாங்குங்கள்.

தென் அமெரிக்காவின் ஜியோஃபேகஸை எடுத்துக்கொள்வோம். பெயருக்கே கிரேக்கத்தில் 'மண் தின்னி' என்றுதான் பொருள். கண்வரை முகத்தை மணலில் புதைத்து, வாய் நிறைய அள்ளி, பாக்கு மெல்வதுபோல் மெல்லும். இரை உள்ளே தங்கும், மணல் செவுள் வழியாக இரு பக்கமும் கொட்டும். இதற்கு 0.5 முதல் 1 மில்லிமீட்டர் வரையான உருண்டை மணல் வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல்லை அதனால் சலிக்க முடியாது. முனை கூர்மையாக இருந்தால் வாயும் செவுளும் புண்ணாகும். மலாவி ஏரியின் பீகாக் மீனுக்கும் இதே மணல்தான். மணலுக்கு மேலே அசையாமல் நின்று, தாடைக்கு அடியிலுள்ள உணர்குழிகளால் புழுவின் அசைவை அறிந்து சட்டென்று கொத்தும். பாறையில் பாசி சுரண்டித் தின்னும் ம்புனா வகைகளுக்கு மணல் அவ்வளவு அவசியமில்லை, ஆனாலும் கல்லுக்கு அடியில் குழி பறிக்காமல் விடாது. டாங்கனிகா ஏரியில் நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் மல்டிஃபேசியாட்டஸ் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான் இருக்கும். அது அந்த நத்தை ஓட்டையே மணலில் புதைத்துக்கொள்ளும், அதனால் நுண்மணல் 5 சென்டிமீட்டராவது வேண்டும். ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் போன்ற பெரிய சிக்லிட்கள் போடும் கழிவுக்கு எதுவும் போடாத வெறும் தரைதான் சுத்தம் செய்ய எளிது.

நம்மூரில் பூச்சு வேலைக்குச் சலித்த ஆற்று மணலே போதும். எம்-சாண்ட் வேண்டாம்: உடைத்த கருங்கல் என்பதால் விளிம்பு கூர்மை, தூசியும் அதிகம். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் குத்தும், சாம்பல் மாவு ஒட்டும். ஆற்று மணலில் கலந்திருந்தாலும் இப்படியே கண்டுபிடிக்கலாம். கறுப்பு மணல் வாங்குவதானால் முதலில் ஒரு காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். ஒட்டும் மணல் ஃபில்டர் மோட்டாரின் காந்தச் சுழலியில் போய் அப்பிக்கொள்ளும். பளீர் வெள்ளை மணலில் மீனின் நிறம் வெளுத்துத் தெரியும், பழுப்பே நல்லது.

அடுத்தது சுண்ணாம்பு. ஒரு கைப்பிடி காய்ந்த மணலில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சிப்பித்தூளோ சுண்ணாம்புக்கல்லோ இருக்கிறது, அது தண்ணீரின் கடினத்தன்மையையும் பிஎச்சையும் (அமில-கார அளவு) ஏற்றும். மென்நீரில் வாழும் ஜியோஃபேகஸ், ராம், டிஸ்கஸுக்கு ஆகாது. மலாவி, டாங்கனிகா மீன்களுக்கு இதுவே நன்மை, அதற்காகத்தான் பவளத்துகளும் அரகோனைட் மணலும் விற்கிறார்கள். ஆனால் உங்கள் போர்வெல் தண்ணீரே பிஎச் 8-ஐ ஒட்டி, கடினமாக இருந்தால் அந்தச் செலவு வீண். பிஎச் நன்றாக இறங்கினால்தான் பவளத்துகள் குறிப்பிடும்படி கரையும், நாளாக ஆக மேலே படலம் படிந்து அதுவும் குறையும். தேவைப்பட்டால் 200 லிட்டருக்கு அரைக் கிலோ பவளத்துகளை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்து, ஒரு வாரம் கழித்து அளந்து பாருங்கள். அதிகமானால் எடுத்துவிடலாம், தரையில் கொட்டியதை எடுக்க முடியாது.

அளவு: நீளம், அகலம், மணல் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர், அதை 1.5-ஆல் பெருக்கினால் ஏறத்தாழக் கிலோ. நாலடித் தொட்டியில் 120 × 45 × 4 என்றால் 21.6 லிட்டர், சுமார் 32 கிலோ. கழுவலில் கொஞ்சம் போகும், 35 கிலோ வாங்குங்கள்.

கழுவுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். வாளியில் மூன்று நான்கு கிலோவுக்கு மேல் போடாதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு அடிவரை கையால் கலக்கி, கலங்கல் நீரைச் சாய்த்து ஊற்றுங்கள். பத்துத் தடவை ஆகலாம். ஒரு பிடி மணலைக் கண்ணாடி டம்ளர் நீரில் போட்டுக் கலக்கி, ஒரு நிமிடத்தில் நீர் தெளிந்தால் போதும்.

பலர் கோட்டை விடுவது அடுக்கும் வரிசையில். முதலில் மணல் கொட்டி அதன்மேல் பாறையை வைத்தால், மீன் அடியில் பறிக்கப் பறிக்க ஒருநாள் பாறை சரியும், கண்ணாடி விரியும். காலித் தொட்டியின் தரையில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு விரித்து, அதன்மேல் பாறைகளை ஆடாமல் நிறுத்தி, கடைசியில் சுற்றிலும் மணலைப் போடுங்கள். தண்ணீரை ஒரு தட்டின் மேல் மெதுவாக ஊற்றினால் குழி விழாது.

கல்லுக்கு அடியில் துளைத் தட்டாக வைக்கும் அண்டர்கிராவல் ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். மணல் அதன் துளைகளை அடைக்கும். கல் போட்டாலும் மீன் ஒரு மூலையைத் தோண்டித் தட்டை வெளிக்காட்டிவிடும், பிறகு நீரெல்லாம் அந்த வழியே போகும், மற்ற இடம் வேலை செய்யாது. வேறு ஃபில்டரின் உறிஞ்சுகுழாய் மணலுக்கு 10 சென்டிமீட்டராவது மேலே இருக்கட்டும், வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். கரண்ட் போய் வந்தபின் மோட்டார் கரகரவென்றால் உடனே நிறுத்தி, சுழலியைக் கழற்றி மணலைக் கழுவுங்கள்.

கிளறாத மீன்களின் தொட்டியில் மணல் ஆழமானால் காற்றுப் புகாத இடம் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வரும். ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனுக்கு விஷம். அங்கெல்லாம் 3 சென்டிமீட்டரோடு நிறுத்தி, தண்ணீர் மாற்றும்போது விரலால் கிளறிவிடுங்கள். சைஃபன் குழாயை மணலுக்கு இரண்டு விரல் மேலே பிடித்து வட்டமாகச் சுற்றினால் கழிவு மட்டும் ஏறும்.

ஓடும் தொட்டியில் கல்லை எடுத்து மணல் போடுவதானால் ஒரே நாளில் செய்யாதீர்கள். கல்லோடு நன்மை செய்யும் பாக்டீரியாவும் போகும். வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்காக மாற்றி, அந்த நாட்களில் ஃபில்டர் பஞ்சைக் கழுவாமல், இரையையும் பாதியாக்குங்கள். புது மணலை ஒரு பிவிசி குழாய் வழியாகத் தரைவரை இறக்கினால் தண்ணீர் அதிகம் கலங்காது. காந்தக் கண்ணாடித் துடைப்பானை மணல் மட்டத்துக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம்: ஒரே ஒரு மணல் துகள் இடையில் சிக்கினாலும் கண்ணாடியில் விழும் கீறல் போகாது.